கால்மாட்டுக் கைப்பிடி

வாருங்கள், வாசகப் பெருமக்களே! கையிலுள்ள வேலையைச் சற்றே கீழே வைத்துவிட்டு, இந்த மருத்துவமனைத் தாழ்வாரத்துக்கு வாருங்கள். வந்து, இந்த மர இருக்கையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் பெண்ணைப் பாருங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலி அவள். நேற்றுவரை அவள் சட்டையில் தொங்கிய அடையாள அட்டை இன்று நிர்வாகியின் மேசைமேல் அநாதையாய்க் கிடக்கிறது. அவள் செய்த குற்றம் என்ன? கை கழுவாமல் ஒரு நோயாளியைத் தொட்டாளாம். அதனால்தான் அவருடைய நுரையீரலில் நிமோனியா இறங்கியதாம். மாலைக்குள் அவளை வேலையை விட்டு அனுப்புவதென்று முடிவு எழுதி, கையொப்பமும் போட்டாயிற்று. விசாரணை ஒன்றுதான் பாக்கி!

அநீதியைக் கண்டு பொங்காத நெஞ்சும் ஒரு நெஞ்சா? பொங்கியது ஒரு நெஞ்சு. புறப்பட்டது ஒரு சிங்கம். புறப்பட்ட வேகத்தில், மருத்துவமனையின் முகப்பில் இருப்பது கண்ணாடிக் கதவு என்பதை மறந்து மூக்கை இடித்துக்கொண்டது.

"மாமா, துப்பறியுறதுக்கு முன்னாடி கதவைக் கண்டுபிடிங்க" என்றாள் சாட்டை.

மூக்கைத் தடவிக்கொண்டே உள்ளே நுழைந்தார் முழக்கம். ஊரார் அவருக்கு இட்ட பெயர் அது. துப்பறியும் தொழிலுக்கு வருமுன் மேடை மேடையாய் ஏறி மூடத்தனத்தைச் சாடியவர். துண்டறிக்கை அச்சடித்துத் தெருத்தெருவாய்க் கொடுத்தவர். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். அப்படியொரு குரலை வைத்துக்கொண்டு ஒருவரை ஓசையின்றிப் பின்தொடர்வது எத்தனை கடினம் என்பது தொழிலுக்கு வந்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. போதாக்குறைக்கு, எடுத்த வழக்கு முடியும்வரை உடுத்திய சட்டையை மாற்றுவதில்லை என்றொரு சபதம் வேறு. வழக்குகள் நீண்டன, வாடிக்கையாளர்கள் சற்று எட்டி அமர்ந்தார்கள்.

சாட்டை அவருடைய அக்காவின் மகள். சொல்லால் அடிப்பவள் என்பதால் வீட்டில் வைத்த பெயர். தட்டச்சுப் பணியை விட்டுவிட்டு மாமனுக்கு உதவியாளராக வந்தவள். 'உதவியாளர்' என்பது மாமன் சொல்லும் சொல். 'காவலாளி' என்பாள் அவள்.

வழக்கு இதுதான். பேருந்து ஓட்டுநர் ஒருவர் விபத்தில் விலா எலும்புகள் நொறுங்கி இங்கே கொண்டுவரப்பட்டார். மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தி, வென்டிலேட்டர் என்னும் சுவாசக் கருவியில் வைத்தார்கள். தேறி வந்தார். குழாயை எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்ன வேளையில் காய்ச்சல் ஏறியது, சளி மஞ்சளானது, எக்ஸ்ரேயில் நுரையீரல் வெளுத்துத் தெரிந்தது. நிர்வாகம் செவிலியைக் கைகாட்டியது. ஓட்டுநரின் மனைவிக்கு அது போதவில்லை. முந்தைய நாள் காலை முழக்கத்தின் வாசலில் வந்து நின்று, "நல்லாத் தேறிட்டு வந்த மனுஷன் சார். யாரோ ஏதோ பண்ணிட்டாங்க. யாருன்னு எனக்குத் தெரியணும்" என்று அழுதாள்.

முழக்கம் அப்போதே அவளோடு புறப்பட்டுப் பார்வையாளர் நேரத்தில் கட்டிலருகே போய் நின்றார். சுற்றிலும் இழுத்த திரைக்குள், கருவியின் விளக்குகள், தொங்கும் பைகள், வளைந்த குழாய்கள் என்று ஒன்று விடாமல் உற்றுப் பார்த்தார். கண்ணீர் விட்டவளுக்கு ஆறுதல் சொன்னார். அவள் கேட்ட சிறு ஒத்தாசை ஒன்றையும் செய்தார். "என் கண்ணுக்குத் தப்பியது எதுவுமில்லை" என்று வீடு திரும்பி அறிவித்தார்.

இன்று, அந்தக் கண்களோடு, செவிலியின் எதிரே அமர்ந்தார்.

"கையைக் காட்டும்மா."

அவள் காட்டினாள். விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து, மணிக்கட்டுவரை வெடித்திருந்தது. முழக்கம் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"அமிலம்!" என்று உறுமினார். தாழ்வாரத்தில் உறங்கிக்கொண்டிருந்த இருவர் விழித்தார்கள். "அமிலத்தைக் கையாண்ட கை இது. எதற்காகக் கையாண்டாய்?"

"சோப்பு சார்" என்றாள் செவிலி.

"மாமா, கண்ணாடியைத் திருப்பிப் பிடிச்சிருக்கீங்க" என்றாள் சாட்டை. பிறகு செவிலியிடம், "சிஸ்டர், கட்டிலோரம் வெச்சிருக்கிற கைகழுவும் மருந்து பாட்டில் குறையவே இல்லன்னுதானே உங்க மேல பழி போட்டாங்க?"

"ஆமாங்க. அது பட்டா வெடிப்புல எரியுது. அதனால ஒவ்வொரு தடவையும் குழாயடிக்கு ஓடி சோப்புப் போட்டுக் கழுவிட்டு வர்றேன். பாதி வார்டுக்கு நான் ஒருத்திதான். கழுவிக் கழுவியே கை இந்தக் கதி ஆயிடுச்சு."

"கழுவாத குற்றத்துக்குக் கழுவிய கையே சாட்சி!" முழக்கம் எழுந்து நின்றார். அமிலத்தைப் பற்றி அவர் மேற்கொண்டு பேசவில்லை. "இதை அவர்களிடம் சொன்னாயா?"

"சொல்ல விடலியே சார். கழுவினியா இல்லையா, ஒரே வார்த்தையில பதில் சொல்லுன்னாங்க. கழுவினேன்னேன். பாட்டில் வேற சொல்லுதேன்னாங்க."

"பாட்டிலுக்கு இருக்கிற மதிப்பு ஆளுக்கு இல்ல" என்று முணுமுணுத்தாள் சாட்டை. "வேற ஏதாவது வித்தியாசமா இருந்துச்சா சிஸ்டர்? சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க."

செவிலி சற்று யோசித்தாள். "அந்த டிரைவர் படுத்திருக்கிற ஜன்னலோரக் கட்டில்தான். வென்டிலேட்டர்ல இருக்கிறவங்களைத் தலைமாட்டைத் தூக்கி, சாய்ஞ்சு உக்கார்ற மாதிரிதான் வெச்சிருக்கணும். நானும் ஏத்தி வெச்சிட்டுத்தான் அடுத்த ஆளைப் பாக்கப் போவேன். திரும்பி வந்தா தட்டையாக் கிடக்கும். ஒரு நாள் இல்ல, தினமும். கட்டில் பழசு, மரை தேஞ்சு தானா இறங்குதுன்னு நெனச்சேன். மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சொன்னேன்."

முழக்கத்தின் மூக்கு சிலிர்த்தது. இடிபட்ட மூக்கு என்பதால் வலிக்கவும் செய்தது.

மருத்துவர் அம்மையாரைப் பிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. நின்றபடியே பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு, படியிறங்கிக்கொண்டே பேசுகிறவர் அவர். இருவரும் அவர் பின்னால் ஓடினார்கள்.

"குற்றவாளி யார் டாக்டர்? ஒரே பெயர் சொல்லுங்கள்!" என்றார் முழக்கம்.

"ஒரு பேரா? வரிசையாச் சொல்றேன், பிடிச்சுக்கோங்க. தொண்டைக்குள்ள குழாய் போன நிமிஷமே கதவு திறந்தாச்சு. வாயில ஊறுற எச்சில், அதுல இருக்கிற கிருமி எல்லாம் குழாயோரமாக் கசிஞ்சு கீழ இறங்கும். நமக்குன்னா இருமல் வரும். தூக்க மருந்துல கிடக்கிறவருக்கு இருமல் வராது. குழாய் எத்தனை நாள் இருக்கோ அத்தனைக்கு ஆபத்து கூடும். இவருக்கு ஒரு தடவை குழாய் நழுவி வெளிய வந்துச்சு, மறுபடி போட்டோம். அதுவும் ஒரு காரணம். வாயைச் சுத்தம் பண்ணாம விட்டா ஒரு காரணம். மெஷின் குழாய்ல தேங்குற தண்ணி பின்னாடி ஓடினா ஒரு காரணம். கழுவாத கையும் காரணம்தான், இல்லன்னு சொல்லல."

முழக்கத்துக்கு மூச்சு வாங்கியது. "இத்தனை சந்தேக நபர்களா!"

"ஒருத்தருக்கும் கைரேகை கிடையாது மாமா" என்றாள் சாட்டை.

மருத்துவர் படியில் நின்றார். முதன்முறையாக அவர்களைத் திரும்பிப் பார்த்தார். "இன்னொண்ணும் எழுதிக்கோங்க. தூக்க மருந்தை தினம் ஒரு வேளை குறைச்சு, ஆளை எழுப்பிப் பாக்கணும். எழுப்பினா பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும். ஆள் இல்லன்னு பல நாள் எழுப்பாமலே விட்டுட்டேன். அது அந்தப் பொண்ணோட தப்பு இல்ல, என்னுடையது. விசாரணையில என்னைக் கூப்பிடவே இல்ல."

"தலைமாடு?" என்று கேட்டாள் சாட்டை.

"அதுதான் எனக்கும் புரியல. தட்டையாப் படுத்தா மூக்குக் குழாய் வழியா வயித்துக்குப் போற பால் மேல ஏறும், மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கும். தலையைத் தூக்கி வைக்க மருந்தும் வேணாம், மெஷினும் வேணாம். இருக்கிறதுலயே சுலபமான தடுப்பு அது ஒண்ணுதான். நான் எப்ப வந்தாலும் அந்தக் கட்டில் மட்டும் படுத்தே கிடக்கு."

மீதிப் பிஸ்கட்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு அவர் மறைந்தார்.

கட்டில்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் மாடிப்படிக்கு அடியில் ஒரு சக்கர நாற்காலியைத் தலைகீழாய்ப் போட்டுக்கொண்டு அமர்ந்திருந்தான்.

"ஜன்னலோரக் கட்டிலா? பிரிச்சே பாத்துட்டேன் சார். மரை கல்லு மாதிரி இருக்கு. சிஸ்டர் மனசு நோகக்கூடாதேன்னு முந்தாநாள் சாயங்காலம் கால்மாட்டுக் கைப்பிடிக்கு கிரீஸ் அப்பி விட்டேன். கொஞ்சம் தாராளமா ஆயிடுச்சு. துடைக்கத் துணி இல்லாம அப்படியே விட்டுட்டேன்."

"தானாக இறங்குமா, இறங்காதா?"

"யானை ஏறி உக்காந்தாலும் தானா இறங்காது. மனுஷன் குனிஞ்சு, கைப்பிடியைப் பிடிச்சுச் சுத்தினாத்தான் இறங்கும்."

முழக்கம் ஒரு கையை இடுப்பிலும் மறுகையைக் காற்றிலும் வைத்தார். மேடையேறும் முன் அவர் எப்போதும் நிற்கும் நிலை அது.

"கேள், மருமகளே! கட்டில் தானாக இறங்கவில்லை. ஒரு கை இறக்கியிருக்கிறது. முந்தாநாள் மாலை கைப்பிடியில் கரிய கிரீஸ் பூசப்பட்டது. அதன்பின் அதைச் சுற்றிய கயவன் எவனோ, அவனுடைய கையிலோ உடையிலோ அந்தக் கறை இருந்தே தீரும். கறையைக் காட்டு, கயவனைக் காட்டுகிறேன்!"

"நல்லாத்தான் இருக்கு மாமா" என்று சாட்டை ஒப்புக்கொண்டாள். அவள் ஒப்புக்கொள்வது அபூர்வம். அந்தப் பெருமிதத்தில் முழக்கம் வாசலுக்கு நடந்தார். இம்முறை கதவைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கடந்தார்.

வாசலில், மதில்சுவரோரம், ஒருவன் குந்தியிருந்தான். ஓட்டுநரின் தம்பி. அவன் கைகள் முழங்கைவரை கறுத்திருந்தன.

"பிடித்தேன்!" என்று பாய்ந்தார் முழக்கம். "சொந்த அண்ணனுக்கே எமனாய் வந்தவனே! இது என்ன கறை?"

அவன் திகைத்து எழுந்தான். "கிரீஸ் சார்."

"ஒப்புக்கொண்டான்! சாட்சிகள் அனைவரும் கேட்டீர்கள்!"

சாட்சிகள் என்று அங்கே இருந்தவை இரண்டு காக்கைகள்.

"சைக்கிள் ரிப்பேர் கடை வெச்சிருக்கேன் சார். இது எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து இருக்கு" என்றான் தம்பி. "அண்ணனை இன்னும் நான் பாக்கவே இல்ல. அந்த டெட்டால் வாசனை பட்டாலே எனக்கு மயக்கம் வந்துடும். முதல் நாள் உள்ள போனேன். என்னையும் ஒரு கட்டில்ல போட்டுட்டாங்க. அதுலேருந்து வாசலோட சரி. அண்ணிதான் உள்ள போய் வந்து சொல்லுவாங்க."

சத்தம் கேட்டு வந்த வாசற்காவலர் தலையசைத்து ஆமோதித்தார். மயங்கியவனைத் தூக்கிப் போனவர் அவர்தான்.

முழக்கம் தளரவில்லை. தளர்வது அவருக்குத் தெரியாது. எங்கே நிறுத்துவது என்பதும் தெரியாது. "ஆனாலும் என் தத்துவம் தவறாது! கறை பொய் சொல்லாது! எங்கே அந்தக் கறை படிந்த கரம்?" என்று வானத்தை நோக்கிக் கையை உயர்த்தினார்.

உயர்ந்த கையைச் சாட்டை பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

"மாமா, சட்டை எப்ப மாத்துனீங்க?"

"வழக்கு முடியும்வரை..."

"தெரியும். நேத்து உள்ள போறப்போ மேல ஒரு அங்கி குடுத்தாங்க, அதுக்குக் கை குட்டைன்னு வீட்டுக்கு வந்து சொன்னீங்களே. உங்க சட்டைக்கை வெளிய நீட்டிட்டு இருந்திருக்கும்." அவள் அவருடைய வலது மணிக்கட்டைத் திருப்பி, அவர் கண்ணுக்கு நேரே வைத்தாள். "பூதக்கண்ணாடியே வேணாம். பாருங்க."

வெள்ளைச் சட்டைக் கையின் ஓரத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு, கரிய கிரீஸ் படிந்திருந்தது.

தாழ்வாரம், திரை, விளக்கு, பை, குழாய் என்று எல்லாம் அவர் நினைவில் இருந்தன. நினைவில் இல்லாத ஒன்று இப்போது வந்தது. திரைக்குள் நின்றபோது, ஓட்டுநரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "சார், அந்தக் கைப்பிடியைக் கொஞ்சம் சுத்தி விடுங்களேன். இன்னிக்கு எனக்குக் கை வலிக்குது." அவர் குனிந்தார். சுற்றினார். வழுவழுவென்று சுற்றியது. "பெண்ணினத்துக்கு உதவுவது என் பிறவிக் கடமையம்மா" என்றும் சொன்னார்.

"நானா?" என்றார் முழக்கம். கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் அருகிலிருந்தவளுக்கே அரைகுறையாய்த்தான் கேட்டது.

"நீங்க ஒரு நாள்தான் மாமா. மத்த நாளெல்லாம்?"

இருவரும் ஒரே நேரத்தில் வாசற்படியைப் பார்த்தார்கள். பார்வையாளர் நேரத்துக்காக ஓட்டுநரின் மனைவி வந்துகொண்டிருந்தாள். கைக்குட்டையால் விரல்களை அழுத்தித் துடைத்தபடி வந்தாள். கைக்குட்டையில் கரிய கோடுகள்.

"சனியன், நேத்து சாயங்காலம் பிடிச்சது, தேச்சாலும் போக மாட்டேங்குது" என்றாள் அவளாகவே. "என்ன சார், ஆளைக் கண்டுபிடிச்சிட்டீங்களா?"

முழக்கம் வாயைத் திறந்தார். கல்லெறிந்தவர்களிடையே நின்று பேசிய மனிதர், தம்மிடம் அழுது வந்த ஒரு பெண்ணின் முன்னால் நாக்கு ஒட்டி நின்றார். சொன்னால் இவள் நொறுங்குவாள். சொல்லாவிட்டால் அங்கே ஒருத்தி வேலையிழப்பாள். அந்தக் கட்டிலும் மறுபடி மறுபடி இறங்கிக்கொண்டே இருக்கும்.

சாட்டை குறுக்கிட்டாள். அடிக்கும் குரல் இல்லை அது. "அக்கா, கட்டிலை எதுக்கு இறக்குவீங்க?"

"அதுவா?" ஓட்டுநரின் மனைவி லேசாகச் சிரித்தாள். "வயசெல்லாம் உக்காந்தே பொழப்பு ஓட்டின மனுஷன்ம்மா. ஸ்டியரிங்கைப் பிடிச்சுப் பிடிச்சு முதுகே வளைஞ்சுபோச்சு. வீட்டுக்கு வந்ததும் தரையில கட்டை மாதிரி நீட்டிப் படுப்பாரு. 'இப்பதான்டி உசுரு வருது'ன்னுவாரு. இங்க வந்தும் உக்கார வெச்சே வெச்சிருக்காங்களே, வாய் திறந்து கேக்க முடியாதே அவரால, கொஞ்ச நேரமாவது முதுகை நீட்டட்டுமேன்னு... திரையை இழுத்துட்டு இறக்கி விட்டுட்டு வருவேன். சிஸ்டர் பாத்தா திட்டுவாங்கன்னு சொல்லல." அவர்களுடைய முகங்களைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "ஏன்?"

முழக்கம் சொன்னார். மேடைத் தமிழ் அப்போது அவருக்கு உதவவில்லை. "அம்மா, அவரு தலை மேல இருந்தாத்தான் வயித்துல இருக்கிறது மூச்சுக்குள்ள போகாதாம். அதுக்குத்தான் உக்கார வெச்சிருக்காங்களாம்."

அவள் கைக்குட்டையை விரித்துப் பார்த்தாள், மடித்தாள்.

"அப்போ... நான்தானா சார் நீங்க தேடின ஆளு?"

"நீங்க மட்டும் இல்லம்மா. நேத்து நானும் சுத்தினேன், இந்தாங்க பாருங்க." கறை படிந்த சட்டைக்கையை நீட்டினார். "குழாய் ஒரு காரணம், மருந்து ஒரு காரணம், ஆள் பத்தாதது ஒரு காரணம். டாக்டரே சொன்னாங்க. எது எவ்வளவுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது."

"ஒருத்தர்கூடச் சொல்லலையே சார்" என்றாள் அவள். "தினமும் வர்றேன். நல்லா இருக்காரான்னு கேட்டா, 'நாங்க பாத்துக்கறோம், நீங்க கிளம்புங்க'ன்னாங்க. இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ராத்திரி பகலா நானே அந்தத் தலையைத் தாங்கிப் பிடிச்சுட்டு நின்னிருப்பேனே."

பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கன்னத்தில் கிரீஸ் கோடு விழுந்தது. "அந்தப் பொண்ணு எங்க இருக்கா?" என்று கேட்டு, முழக்கத்துக்கு முன்னால் நடந்தாள்.

நிர்வாகியின் அறையில் விசாரணை தொடங்கியிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நிர்வாகி. இந்தப் பக்கம் செவிலி. நடுவில், சாட்சியாக, ஒரு நிறைந்த பாட்டில். கதவைத் தட்டாமல் நுழைந்த ஓட்டுநரின் மனைவி நின்றவாறே அனைத்தையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. முழக்கம் தம் சட்டைக்கையைச் சான்றாக மேசைமேல் வைத்தார். கை உள்ளேயே இருந்ததால் சற்றுக் குனிந்து நிற்க வேண்டியதாயிற்று.

நிர்வாகி இருக்கையில் நிமிர்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். "ஆக, மருத்துவமனை மேல தப்பில்ல. நோயாளியோட வீட்டம்மாதான் காரணம். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்கம்மா."

பாருங்கள் பெருமக்களே, பாருங்கள்! ஓர் ஏழையின் கழுத்திலிருந்த சுருக்கு கழன்ற கணமே அடுத்த ஏழையின் கழுத்தைத் தேடிப் போவதை!

"சார்" என்றாள் சாட்டை. அவள் நிர்வாகியைப் பார்க்கவில்லை. கண்ணாடிச் சுவர் வழியே தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க மாட்டியிருக்கிற பலகையெல்லாம் படிக்கிறேன், கேளுங்க. அமைதி காக்கவும். செருப்பைக் கழற்றவும். கைப்பேசியை அணைக்கவும். படம் எடுக்காதீர். துப்பாதீர். குறித்த நேரத்துக்கு மேல் நிற்காதீர். இத்தனை பலகையில, தலைமாட்டை இறக்காதீர்னு ஒண்ணு இருக்கா? ஏன் இறக்கக்கூடாதுன்னு ஒண்ணு?"

நிர்வாகி பலகைகளைத் திரும்பிப் பார்த்தார்.

அதற்குமேல் முழக்கத்தைத் தடுக்க யாராலும் முடியவில்லை. "காரணம் சொல்லாமல் கட்டளை மட்டும் இடுகிற சுவர்களே!" என்று தொடங்கினார். "அன்புள்ளவளை அறியாதவளாக வைத்திருந்தது யார்? பாதி வார்டை ஒருத்தியின் தலையில் கட்டிவிட்டு, அவள் கை வெடித்ததைப் பாராமல் பாட்டில் குறையாததைப் பார்த்தது யார்? நோயாளியை எழுப்ப ஆள் தராமல், உறங்கட்டும் என்று விட்டது யார்? இவற்றையெல்லாம் கூண்டில் ஏற்றாமல் இரண்டு பெண்களில் எவளை ஏற்றலாம் என்று பார்க்கிறீர்களே, இதுவா விசாரணை? இதுவா நீதி? இதுவா..."

கதவு திறந்தது. மருத்துவர் அம்மையார் உதட்டில் விரல் வைத்து நின்றார். "யார் சார் அது? உள்ள நோயாளிங்க கருவியெல்லாம் அலாரம் அடிக்குது!"

சாட்டை முதல் பலகையைச் சுட்டிக் காட்டினாள். முழக்கம் அமர்ந்தார்.

"நான் சொல்ல வேண்டியதையும் எழுதிக்கோங்க" என்றார் மருத்துவர், நிர்வாகியிடம். "தூக்க மருந்து விஷயத்துல என் பேரையும் சேருங்க. சேர்க்காம அனுப்பினா, நானே மேல எழுதுவேன்."

நிர்வாகி எல்லாரையும் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், அதுவும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. "விசாரணை முடிஞ்சது" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, அடையாள அட்டையை விரலால் மேசையோரத்துக்குத் தள்ளினார். மன்னிப்பு என்றொரு சொல் அவர் படித்த பள்ளியில் கற்பிக்கப்படவில்லை போலும்.

செவிலி அட்டையை மாட்டிக்கொண்டு நேராகக் குழாயடிக்குப் போனாள். வெடித்த கையைச் சோப்பிட்டுக் கழுவினாள். அவளுக்குப் பக்கத்தில் ஓட்டுநரின் மனைவியும், அவளுக்குப் பக்கத்தில் சாட்டையும் கழுவினார்கள். முழக்கம் வாளாவிருந்தார்.

"மாமா, கை."

"நான் நீதியின் கரமம்மா."

"நீதியின் கரத்துலயும் கிருமி இருக்கும். கழுவுங்க. சட்டையை வெளிய கழற்றிப் போட்டுட்டு வாங்க. வழக்கு முடிஞ்சாச்சு."

ஜன்னலோரக் கட்டில், நேற்று மாலை இறக்கியது, யாரும் ஏற்றாமல் தட்டையாகவே கிடந்தது. செவிலி கால்மாட்டுக்குக் குனிந்தாள்; குனிந்தவள் நிமிர்ந்து, விலகி நின்றாள்.

"வாங்கக்கா, நீங்களே ஏத்துங்க. எதுவரைக்கும்னு நான் சொல்றேன். நாளையிலேருந்து நான் அந்தக் கோடியில இருந்தாலும், நீங்க பாத்துக்குவீங்கல்ல?"

ஓட்டுநரின் மனைவி கைப்பிடியைப் பற்றினாள். அது வழுவழுவென்று சுற்றியது. கணவனின் தலை உயர்ந்தது, தோள் உயர்ந்தது, பேருந்தின் முன்னிருக்கையில் அமர்ந்திருப்பவரைப்போல அவர் சாய்ந்து நிமிர்ந்தார். காய்ச்சல் இறங்கவில்லை. பிழைப்பார் என்று மருத்துவர் வாக்குக் கொடுக்கவில்லை. மருந்தைக் குறைத்து நாளை எழுப்பிப் பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்.

அவள் அவர் காதருகே குனிந்தாள். "கோவிச்சுக்காதீங்க. இன்னும் கொஞ்ச தூரம் உக்காந்துதான் ஆகணும். வண்டி வீடு வந்து சேரட்டும், அப்புறம் நீட்டிப் படுங்க."

இரவல் அங்கிக்குள் சட்டையில்லாமல் நின்ற துப்பறியும் சிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வாசகப் பெருமக்களே! இவ்வளவும் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவதற்கா உங்களை அழைத்தேன்? உங்கள் ஊரிலும் இப்படியொரு கண்ணாடிச் சுவர் இருக்கிறது. அதற்குள் உங்கள் உறவோ, உங்கள் அண்டை வீட்டாரோ, பெயர் தெரியாத ஒருவரோ குழாயோடு கிடக்கலாம். போய்க் கேளுங்கள்: தலைமாடு உயர்ந்திருக்கிறதா? வாய் சுத்தம் செய்யப்பட்டதா? இன்று எழுப்பிப் பார்த்தீர்களா? குழாயை எப்போது எடுக்கலாம்? 'நாங்க பாத்துக்கறோம்' என்ற பதிலோடு வீடு திரும்பாதீர்கள். ஏன் என்பதைச் சொல்லும்வரை நில்லுங்கள். பாதி வார்டுக்கு ஒருத்தி என்றால், மற்றொருத்தி எங்கே என்று கேளுங்கள். மெல்லிய குரலிலேயே கேளுங்கள். ஆனால் ஊர் முழுதும் சேர்ந்து கேளுங்கள்.

எழுந்திருங்கள். இன்றே புறப்படுங்கள். உள்ளே நுழையுமுன் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். யார் என்ன கைப்பிடியைச் சுற்றச் சொன்னாலும், சுற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.